நான் ஒண்டிதான்

ஜெயகுமாரிக்கு ஜாக்கெட் பைத்தியம் என்றுதான் முகப்பேரில் அவளோடு ஒரே அடுக்கில் குடியிருந்த பெண்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது கையில் துணிப்பையோடு கிளம்பிவிடுவாள். முகப்பேரிலேயே தெருவுக்கு இரண்டு தையற்கடை இருக்க, இவள் மட்டும் பஸ் ஏறி, அம்பத்தூர் ஓ.டி.யில் மாறி, ஆவடிவரை போய்த் தைத்துக்கொண்டு வருவாள். பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க ஜாக்கெட்டுகள். சிலவற்றுக்குப் பொருத்தமான புடவையே அவளிடம் கிடையாது. கேட்டால், அந்தக் கடை அளவுதான் தனக்கு ஒத்துவருகிறது என்பாள்.

அந்தக் கடையை நடத்துகிறவள் ஹெலினா. ஜெயகுமாரியின் ஒரே தங்கை. பத்தொன்பது வருஷமாக அக்காளும் தங்கையும் முகம் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே வழி அந்தத் துணிப்பை.

அவர்களுடைய அப்பா பாஸ்கல். முத்தாபுதுப்பேட்டையில் நிலபுலத்தோடு இருந்த குடும்பம். பாஸ்கலின் தாத்தா காலத்தில் பங்காளிகளில் பாதிப் பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள், மீதிப் பேர் வாங்கவில்லை. அதனால் எதுவும் பிரிந்துபோய்விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பலகாரம் போகும், பொங்கலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கரும்பும் மஞ்சள்கொத்தும் வரும். பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூட இரண்டு பக்கத்துக்கும் நடுவே நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு கல்யாணத்தில் மாதா சுரூபமும் இருக்கும், அரசாணிக்காலும் இருக்கும். எங்களுக்குள் மதவித்தியாசமே கிடையாது என்று பாஸ்கல் வெளியாட்களிடம் பெருமையாகச் சொல்வார். அது பொய்யும் இல்லை.

ஜெயகுமாரி இருபத்து மூன்று வயதில் திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே சூப்பர்வைசராக இருந்த ஆனந்தனைப் பிடித்துப்போயிற்று. அவன் இந்து. வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒரு மாதம் பயந்து செத்தாள். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டாள். பாஸ்கல் சோற்றில் கை வைத்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யாரு ஆளுங்க?"

அவள் சொன்னாள். எந்த ஊர், எந்தத் தெரு, பெரியப்பா பெயர் என்ன என்று அவர் மேலே மேலே விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க அவர் முகம் இளகியது. இரண்டே நாளில் ஆனந்தனின் பாட்டனார் தன் அத்தைவழிச் சொந்தம் என்று கண்டுபிடித்துவிட்டார். முறைகூடச் சரியாக இருந்தது.

கல்யாணம் திருமழிசை மண்டபத்தில் ஐயர் வைத்து நடந்தது. மாதா கோயிலில் முறைப்படி அனுமதி வாங்காமல் இப்படிச் செய்தால் இனி பூசையில் நற்கருணை அப்பம் வாங்க முடியாது என்று பங்குச்சாமியார் எடுத்துச் சொன்னார். பாஸ்கல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதெல்லாம் பிற்பாடு சரிபண்ணிக்கொள்ளலாம் என்று மகளுக்குத் தைரியம் சொன்னார். மாமியார் வீட்டிலும் வேதக்காரப் பெண்ணாக இருந்தால் என்ன, நம் பெண்தானே என்று சொல்லித்தான் ஆரத்தி எடுத்தார்கள். ஜெயகுமாரி குங்குமம் வைத்துக்கொண்டாள். பூசைக்குப் போனால் நற்கருணை நேரத்தில் எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டாள்.

ஆறு வருஷம் கழித்து ஹெலினாவின் முறை வந்தது. அவள் விரும்பியது ஜோஸை. அவனும் கத்தோலிக்கன், அதே பங்குக் கோயில். இரண்டு பேரும் சிறுவயதில் ஒரே நாளில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கியவர்கள். பாடகர் குழுவில் அவன் கீபோர்டு வாசிப்பான், அவள் பாடுவாள். ஹெலினாவுக்குப் பயமே இல்லை. அக்கா சாமியையே மாற்றிக் கட்டிக்கொண்டபோது ஒன்றும் சொல்லாத அப்பா, தன் விஷயத்தில் சந்தோஷப்படத்தான் செய்வார் என்று நம்பினாள்.

பாஸ்கல் அவளிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

ஜோஸின் வீடு கோயிலுக்குப் பின்னால் இருந்த காலனியில். ஒரு காலத்தில் அந்த மக்களுக்குக் கோயிலில் தனி வரிசை இருந்ததாம். பாஸ்கல் சின்னப் பையனாக இருந்தபோதே அந்த வழக்கத்தை ஒரு சாமியார் ஒழித்துக்கட்டிவிட்டார். ஆனால் பாஸ்கல் கண்ணுக்கு அந்த வரிசை இன்னும் தெரிந்துகொண்டுதான் இருந்தது போலும். அன்று சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனவர், அதற்குப் பிறகு ஹெலினாவின் பெயரைத் தன் வாயால் சொல்லவே இல்லை.

பங்குச்சாமியார் வீடு தேடி வந்து இரண்டு மணிநேரம் பேசினார். எல்லாரும் ஒரே திருச்சபை, ஒரே அப்பம் என்றார். பாஸ்கல் அவருக்கு மோர் கொடுத்து உபசரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "சாமி, கோயில்ல நாங்க ஒண்ணா முட்டி போடுறோம். அதுல ஒரு குறையும் இல்ல. ஊடு வேற."

ஹெலினாவின் கல்யாணத்தன்று ஜெயகுமாரியையும் திருமழிசையிலிருந்து வரவழைத்து வீட்டுக்குள் உட்காரவைத்தார். கதவைத் தாழிட்டு, அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். கோயில் இரண்டு தெரு தள்ளித்தான். பத்தரைக்கு மணி அடித்தது. அம்மா எழுந்து போய் மிக்சியைப் போட்டாள். ஜெயகுமாரி எட்டிப் பார்த்தபோது ஜாரில் ஒன்றுமில்லை. வெறும் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மணி ஓயும்வரை அம்மா அதை நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் பாஸ்கல் மூத்த மகளிடம் சொன்னார், அவளோடு பேச்சுவார்த்தை வைத்தால் நீயும் எனக்கு இல்லை என்று. ஜெயகுமாரி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிற உரிமை தனக்கு இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்குக் கிடைத்தது மன்னிப்பு. கொடுத்தவர்கள் எந்த நிமிஷமும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தாள். அப்பா வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் அவளை ஏற்றுக்கொள்ள இருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் காரணம்தான் தங்கையை வெளியே தள்ளியது. அதைத் தப்பு என்று சொன்னால் தான் நிற்கிற இடமும் போய்விடும்.

ஜெயகுமாரி முகப்பேருக்குக் குடிவந்து, ஹெலினா ஆவடியில் கடை போட்டபிறகு துணிப்பை யோசனை வந்தது. அளவெடுக்கிற திரைக்குப் பின்னால் பத்து நிமிஷம். மற்ற வாடிக்கையாளர்கள் வந்துவிட்டால் ஐந்து நிமிஷம். ஜெயகுமாரியின் மகள் சுரேகாவுக்குப் பல் விழுந்தது, ஜோஸுக்கு டைபாய்டு வந்தது, ஹெலினாவின் மகள் ரேகா பள்ளியில் முதலாவதாக வந்தது எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால்தான் பேசித் தீர்ந்தன. சில நாள் சுரேகாவையும் கூட்டிக்கொண்டு போவாள். வீட்டில் சொல்லாதே என்று சொல்லித்தான் கூட்டிப்போவாள். குழந்தைக்கு அப்போதிலிருந்தே அது பழகிப்போயிற்று.

கொரோனா இரண்டாம் அலையில் அம்மா இறந்தாள். அடக்கத்துக்கு நான்கு பேருக்குமேல் விடவில்லை. ஹெலினாவை ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. அதற்கடுத்த வருஷம் பாஸ்கலுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. ஆனந்தன்தான் முகப்பேருக்கு அழைத்துவந்து, தங்கள் படுக்கையறையை அவருக்கு விட்டுக்கொடுத்தான். பேச்சு குழறியது, ஆனால் காது நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு ஜெயகுமாரி ஆவடிக்குப் போய்வருவதற்கு இருந்த நேரமும் குறைந்துபோயிற்று. அவருக்கு மூன்று வேளையும் ஊட்ட வேண்டும், மணிக்கு ஒருதரம் புரட்டிப்போட வேண்டும். மாலையானால் ஜெபமாலையை அவர் விரல்களுக்கிடையே கோர்த்துவிட வேண்டும்.

சுரேகாவுக்கு இருபத்து நான்கு வயதில் வரன் வந்தது. பூந்தமல்லிக் குடும்பம். பையன் தமிழ்வாணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் என்ஜினியர். ஆனந்தனின் சொந்தத்தில் சுற்றிவளைத்துச் சேர்ந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் அம்மா பொன்னியம்மாவும் பெரியவர்கள் இரண்டு பேரும் பெண் பார்க்க வந்தார்கள்.

பொன்னியம்மா கலகலப்பானவள். வந்த உடனே பாஸ்கலின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெரியப்பா எப்படி இருக்கிறீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் மாதா படமும் முருகன் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மெச்சினாள். பிறகு ஜெயகுமாரி பக்கம் திரும்பினாள்.

"நீங்க வேதக்காரங்கன்றதெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்ல சம்பந்தி. நம்ம ஆளுங்கதான். எங்க ஊட்டுப் பெரியவரு ஒண்ணே ஒண்ணுதான் பாப்பாரு, கலப்பு மட்டும் இருக்கக்கூடாது. போன வருஷம் ஒரு நல்ல எடம், பொண்ணோட சித்தி எவனையோ கட்டிக்கினு பூட்டாளாம். வோணாம்னு வந்துட்டோம்." சொல்லிவிட்டுச் சிரித்தபடியே கேட்டாள்: "உங்க கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?"

ஆனந்தன் பால்கனிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சுரேகா காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். ஜெயகுமாரிக்கு யோசிக்க நேரம் இருந்தது என்பதுதான் பின்னால் அவளை வாட்டியது. வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது.

"யாரும் இல்ல. நான் ஒண்டிதான்" என்றாள்.

பாஸ்கல் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். கோணிப்போயிருந்த வாய் மெதுவாக விரிந்தது. அவள் பத்தாம் வகுப்பு பாஸ் செய்த அன்று இதேபோலத்தான் பார்த்தார். அவர் கடைவாயில் வழிந்த எச்சிலை முந்தானையால் துடைத்துவிட்டு ஜெயகுமாரி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

வந்தவர்கள் போனபிறகு சுரேகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனந்தனிடம்தான் ஜெயகுமாரி வாயைத் திறந்தாள், பத்தொன்பது வருஷ விஷயத்தையும் சேர்த்து. அவன் ஆச்சரியப்படவில்லை. கடையின் பெயர்ப்பலகையில் ஹெலினா என்று எழுதியிருப்பதை எப்போதோ பார்த்துவிட்டானாம். "தெரிஞ்சிகினேதான் சும்மா இருந்தேன். நீ நிம்மதியா போய்ட்டு வரட்டும்னுதான்" என்றான். கல்யாணம் முடியட்டும், குழந்தை குட்டி என்று ஆகட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். அவன் நல்லவன். அதனால்தான் அவளால் அவனிடம் கோபப்படவும் முடியவில்லை.

அடுத்த வாரம் முகூர்த்த ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் போனாள். கடையில் வேறு யாரும் இல்லை. ஹெலினா துணியை வாங்கி மேஜையில் விரித்தாள். ஆரி ஒர்க் எங்கே வர வேண்டும், கழுத்து எவ்வளவு இறக்கம் என்று வழக்கம்போலக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டாள். சுரேகாவின் அளவு அவளுக்குத் தெரியும். எல்லாம் எழுதி முடித்தபிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னாள்.

"சுரேகா போன் பண்ணிச்சு."

ஜெயகுமாரி திரையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக் கூப்பிடுன்னு நான் கேக்கல அக்கா. மண்டபத்துப் பக்கம்கூட வரமாட்டேன். ஒண்டின்னு சொன்னியாமே. அப்ப இத்தினி வருஷமா இங்க வந்துகினு இருந்தது யாரு?"

 அப்பா காதில் விழுகிற தூரத்தில் இருந்ததையும், பெண்ணின் வாழ்க்கை என்பதையும் ஜெயகுமாரி சொல்லப் பார்த்தாள். ஹெலினா கத்தரிக்கோலை எடுத்து நூல்பிசிறுகளை நறுக்க ஆரம்பித்துவிட்டாள். ஜாக்கெட்டை ஜோஸ் கையில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னாள். இனிமேல் தைப்பதற்கு வேறு கடை பார்த்துக்கொள் என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

திரும்பி வருகையில் அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கியவள், முகப்பேர் பஸ்ஸில் ஏறாமல் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிவிட்டாள். பொன்னியம்மாவிடம் நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். பொன்னியம்மா அவளைக் கண்டதும் வாசலுக்கே ஓடிவந்தாள். உள்ளே கூடம் முழுக்கச் சொந்தக்காரப் பெண்கள் உட்கார்ந்து தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் இடம் விட்டு நகர்ந்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். மருமகளுக்காக மாடியில் கட்டுகிற புது அறையைப் பொன்னியம்மா கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினாள். சுவரில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. சுரேகாவுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டாள். இளம்பச்சை என்றாள் ஜெயகுமாரி. அதற்குப் பிறகு எதையும் சொல்லாமல், ஒரு பை கைமுறுக்கோடு வீடு திரும்பினாள்.

சுரேகா வேறு வழி சொன்னாள். தமிழ்வாணன் நல்லவன்தான், அவனிடம் நானே சொல்லிவிடுகிறேனே என்று ஒருநாள் கேட்டாள். ஜெயகுமாரி பெற்ற பெண்ணுக்கு முன்னால் கைகூப்பினாள். வேண்டாம், தாத்தா இருக்கும்வரை வேண்டாம் என்றாள். சுரேகா அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, சரி என்றாள். அன்றிலிருந்து அம்மாவிடம் எதையும் விவாதிப்பதை விட்டுவிட்டாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. முத்தாபுதுப்பேட்டைப் பங்காளிகள் இரண்டு மதத்திலிருந்தும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஹெலினாவைப் பற்றித் தெரிந்தவர்கள்தான் எல்லாரும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அது அவர்கள் குடும்பத்து மானமும்தானே.

ஆவணியில் பாஸ்கல் இறந்தார். காலையில் கஞ்சி குடித்தவர் அப்படியே சரிந்துவிட்டார். உடலை முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கோயிலுக்கு எடுத்துப்போனார்கள். சுரேகா அப்போது நான்கு மாதம். கர்ப்பிணி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று பொன்னியம்மா நிறுத்திவிட்டு, தான் மட்டும் மாலையோடு வந்திருந்தாள்.

கோயிலில் பாடகர் குழுவில் ஜோஸ் உட்கார்ந்து கீபோர்டு வாசித்தான். அவனைத் தவிர அந்தப் பங்கில் வாசிக்க ஆள் கிடையாது. பூசை முழுக்க அவன் தலை நிமிரவில்லை. பெட்டியை வெளியே எடுக்கிற நேரத்தில் ஹெலினா வந்தாள். வெள்ளைப் புடவை, முக்காடு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் பெட்டியிடம் போய் அப்பாவின் காலைத் தொட்டாள். குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. தோள்கள் குலுங்கின. பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பொன்னியம்மா பக்கத்தில் நின்ற ஜெயகுமாரியின் காதருகே குனிந்து, அழுகிறது யார் என்று கேட்டாள்.

அப்பா இனி இல்லை. ஜெயகுமாரி வாயைத் திறந்தாள். என் தங்கை என்ற இரண்டு சொற்கள் நாக்கின்மேல் வந்து நின்றதாக அவள் பின்னாளில் ஆனந்தனிடம் சத்தியம் செய்திருக்கிறாள். ஹெலினா அதற்குள் நிமிர்ந்துவிட்டாள். கேள்வி அவள் காதில் விழுந்திருந்தது. முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொன்னியம்மாவைப் பார்த்தாள்.

"தையக்கடை வச்சிகீறேன்மா ஆவடில. பெரியவர் ஊட்ல எல்லாருக்கும் நான்தான் தைப்பேன். நல்ல மனுஷன்."

பொன்னியம்மா உச்சுக்கொட்டினாள். தையற்காரி இவ்வளவு அழுகிறாள் என்றால் பெரியவர் எப்படி நடந்துகொண்டிருப்பார் பார் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். ஹெலினா அக்காவின் பக்கம் திரும்பாமலே கூட்டத்தில் பின்வாங்கினாள்.  அவள் திட்டியிருந்தால் ஜெயகுமாரி தாங்கியிருப்பாள். தங்கை அவளைக் காப்பாற்றிவிட்டாள். இனிமேல் உண்மையைச் சொன்னால் தான் மட்டுமல்ல, ஹெலினாவும் பொய்க்காரி ஆவாள். இவ்வளவு நாள் கதவு ஒரு பக்கம்தான் பூட்டியிருந்தது, இப்போது மறுபக்கமும் பூட்டு விழுந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்லிவைக்க ஜெயகுமாரி தனியாகப் பங்கு அலுவலகத்துக்குப் போனாள். எழுதுகிற அம்மாள் இரண்டு சகோதரிகளையும் பாவாடை சட்டைக் காலத்திலிருந்தே அறிந்தவள். பாஸ்கல் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று எழுதிவிட்டு, யார் ஒப்புக்கொடுப்பது என்று கேட்டாள்.

"மகள்கள் ஜெயகுமாரி, ஹெலினா" என்றாள் ஜெயகுமாரி. அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து அவள் வாயால் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாள் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டாள்.

பூசை காலை ஆறு மணிக்கு. இருபது பேர் இருந்தால் அதிகம். அவர்களில் உறவுக்காரர் ஒருவரும் இல்லை. சாமியார் இரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில் வாசித்தார். மூன்று பெஞ்சு முன்னால் ஹெலினா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ரேகா. ரேகா திரும்பிப் பார்த்தாள். ஹெலினா திரும்பவில்லை. நற்கருணை நேரம் வந்தபோது எல்லாரும் எழுந்து போனார்கள். ஹெலினாவும் போனாள், வாங்கினாள், திரும்பி நடந்து வந்தாள். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த அக்காவைக் கடக்கும்போது அவள் நடை ஒரு கணம் தயங்கியது. அவ்வளவுதான்.

வெளியே வந்து செருப்பை மாட்டுகையில் போன் அடித்தது. பொன்னியம்மா. வளைகாப்புக்கு நாள் பார்த்தாயிற்று, பெண்ணுக்கு அம்மாவழியில் வளையல் போட யார் யார் வருவார்கள் என்று பெயர் எழுதி அனுப்பச் சொன்னாள். ஜெயகுமாரி அனுப்புவதாகச் சொன்னாள். அந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டிய பெயரைத்தான் சற்றுமுன் சாமியார் அவள் பெயரோடு சேர்த்து வாசித்திருந்தார். கோயில் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோது ஹெலினா மகளோடு எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். அம்பத்தூர் பஸ் வந்தது. ஜெயகுமாரி ஏறி, ஜன்னலோரம் இடமிருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.